சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பைக்: கோளாறு எங்கே இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: காலையில் ஒரே கிக்கில் பிடித்துக்கொள்ளும் வண்டி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு வந்து உதைத்தால் பிடிப்பதே இல்லை. நன்றாக ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டர் வண்டி, பிளக் புதிது.

இதே தொல்லையை நான் ஒன்றரை வருடம் அனுபவித்திருக்கிறேன். பிளக்கை இரண்டு முறை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, காயிலும் புதிதாகப் போட்டாயிற்று. எதுவும் உதவவில்லை. எல்லாவற்றையும் வண்டி ஆறிய பிறகு சோதித்ததுதான் நான் செய்த தவறு. பட்டறையில் விட்டாலும் இதே கதைதான். மெக்கானிக் நம் வண்டியைத் தொடும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும், அவரால் யூகித்து எதையாவது மாற்றத்தான் முடியும். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும்.

அதனால் சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பேனர், நன்றாக வேலை செய்யும் ஒரு உபரிப் பிளக், பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு கொறடு மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வண்டி மறுத்தால், எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் தலையில் மாட்டியிருக்கும் கேப்பை மட்டும் எடுத்து உபரிப் பிளக்கில் மாட்டுங்கள். அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் அழுத்தி, கொறட்டால் பிடித்துக்கொண்டு, சாவியைப் போட்டு உதையுங்கள். வெயிலில் பொறி தெரியாது, நிழலில் பாருங்கள். எஞ்சின் பிளக் அதன் இடத்திலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து தீப்பிடிக்க வழி இல்லை. பலர் பிளக்கைக் கழற்றி அதே ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்கிறார்கள். அது ஆபத்து, செய்யாதீர்கள்.

பொறி நீலமாகப் பளிச்சென்று வருகிறதா, மஞ்சளாக மெலிந்து வருகிறதா, வரவே இல்லையா? இந்த ஒரு விடையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பொறி வரவில்லை என்றால் என் முதல் சந்தேகம் பல்சர் காயில் மீதுதான். பொறி எந்த நொடியில் வர வேண்டும் என்று சிக்னல் கொடுக்கும் சின்ன காயில் அது, பிக்கப் காயில் என்றும் சொல்வார்கள். எஞ்சினோடு சுழலும் காந்தமான மேக்னெட்டின் பக்கத்தில், எஞ்சின் சூடு நேராகப் படும் இடத்தில் இருக்கிறது. உள்ளே முடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சூடானால் செம்பின் மின்தடை கூடுவது இயல்பு. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம், அதாவது 80 டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்கு கூடும். அது கோளாறு அல்ல. கம்பி உள்ளே எங்காவது விட்டுப்போயிருந்தால், ஆறியிருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். மல்டிமீட்டரில் காலையில் ஒரு அளவு, வண்டி மறுக்கும் நேரத்தில் ஒரு அளவு எடுங்கள். இரண்டாவது தடவை தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் அனுப்பும் எச்.டி. காயிலும் இப்படிச் சூட்டில் தொடர்பு விட்டுப்போகலாம். ஆனால் அதில் மீட்டரை முழுக்க நம்ப முடியாது. சூட்டில் அதன் இன்சுலேஷன் பலவீனமாகி மின்சாரம் உள்ளேயே கசியும்; மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது தெரியாது. வேறு நல்ல காயிலை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. அளக்கும்போது பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கேப்புகளுக்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அது கணக்கைக் குழப்பும்.

சரி, பொறி நன்றாக வருகிறது என்றால்? இப்போது எஞ்சின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கை சுடும், கவனம். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் உடனே ஆறுவதில்லை. காற்று படுவது நின்றுவிடுவதால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திப் பத்து நிமிடத்தில் கார்புரேட்டர் அதிகச் சூடாக இருக்கும். பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த ஆவி சிலிண்டருக்குப் போகும் வழியில் தேங்குவதால் சூடான வண்டியில் பெட்ரோல்-காற்றுக் கலவை ஏற்கெனவே கெட்டியாக, அதாவது பெட்ரோல் அதிகமாக, இருக்கிறது. பழக்கத்தில், பெட்ரோலை இன்னும் கூட்டும் சோக்கையும் இழுத்துவிட்டால் பிளக் நனைந்துதான் போகும். பிளக் நனைந்த வண்டியில் சோக்கை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்து ஐந்தாறு கிக் கொடுங்கள். அதில் பிடித்தால் சோக் முழுதாக ஆஃப் ஆகிறதா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தேய்ந்து பெட்ரோல் ஒழுகுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் காய்ந்திருந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி பிடித்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பொறியும் சரி, பெட்ரோலும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி. என் வண்டியில் இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாளாக நாளாக, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் மேலேறும். அதனால் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். வண்டி சூடானால் வால்வுத் தண்டு நீளும். இடைவெளி ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும் அழுத்தம், அந்தச் சந்து வழியாகப் போய்விடும். ஆறினால் தண்டு சுருங்கும், வால்வு மூடும், வண்டி ஸ்டார்ட் ஆகும். உங்கள் வண்டியின் குணமும் இதேதான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் டேப்பெட் இறுகினால் சத்தம் வராது. தளர்ந்தால்தான் டிக் டிக் என்று தட்டும். நானும் சத்தம் இல்லாததை நல்ல அறிகுறி என்றே நம்பியிருந்தேன். எனக்குக் காட்டிக்கொடுத்தது கால்தான். காலையில் கிக்கர் கெட்டியாக எதிர்த்து நிற்கும், சூட்டில் லேசாக இறங்கிவிடும். நீங்களும் கவனித்துப் பாருங்கள்.

சின்ன எஞ்சின்கள் பலவற்றில் இந்த இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான், ஒரு காகிதத்தின் கனம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்கும்போது, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளக்க வேண்டும். சோதனைகளில் ஆறிய வண்டியில் மட்டுமே செய்ய வேண்டியது இது ஒன்றுதான். சரியாக வைத்த பிறகும் சில வாரங்களில் மறுபடி இறுகினால் வால்வு சீட் போய்விட்டது, ஹெட்டை இறக்காமல் முடியாது. முழுக்க இறுகியபடியே ஓட்டாதீர்கள். மூடாத வால்வுக்குச் சூட்டை சீட்டுக்குக் கடத்த வழி இல்லாததால் விளிம்பு கருகிவிடும்.

கிக் அடித்தால் பிடிக்கிறது, செல்ஃப் மட்டும் சூட்டில் திணறுகிறது என்றால் இது எதுவுமே இல்லை, பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பாருங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முதலில் டேப்பெட்டை அளந்துவிடுவேன், பழைய பாகம் எதையும் மாற்றாமலே செய்யக்கூடிய வேலை அது. அதில் சரியாகவில்லை என்றால், அடுத்த முறை வண்டி நிற்கும்போது பொறி எப்படி வந்தது, பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, கிக்கர் எப்படி இறங்கியது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து மேலே சொல்கிறேன்.