‘ரெவலூஷனைஸ்’ (revolutionise) என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே பயன்படுத்தலாம்?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர், ‘ரெவலூஷனைஸ்’ என்பதற்கும் ‘சேஞ்ச்’ (change) என்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறார்.

‘சேஞ்ச்’ என்பது எந்த மாற்றத்துக்கும் பொருந்தும். ‘ரெவலூஷனைஸ்’ என்பதோ ஒன்றைச் செய்யும் முறையையே அடியோடு மாற்றியமைப்பதைக் குறிக்கும். வன்னி வயல்களில் முன்பு அரிவி வெட்டி (கதிரறுத்து), சூடு வைத்து (கதிர்களைக் குவித்து), பின்னர் அடித்துத் தூற்றிப் பல நாட்களாகப் பலர் கூடிச் செய்த வேலையை, இன்று ஓர் அறுவடை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் முடித்து நெல்லை மூட்டையாகத் தருகிறது. அந்த இயந்திரம் அறுவடையை ‘ரெவலூஷனைஸ்’ செய்தது என்று தயங்காமல் எழுதலாம். நாட்டுநெல்லை விட்டுச் சம்பா விதைத்தால் அது வெறும் ‘சேஞ்ச்’ மாத்திரமே.

‘ரெவலூஷனைஸ்’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை, அதாவது எதை மாற்றியது என்று சொல்ல வேண்டிய வினை என்பதை மறக்க வேண்டாம். ‘விவசாயம் ரெவலூஷனைஸ் ஆகியது’ என்ற நினைப்பில் ஆங்கிலத்தில் செய்வினையாக எழுதுவது பிழை. எது மாற்றியது என்பதை எழுவாயாக வைக்க வேண்டும், அல்லது செயப்பாட்டுவினையாக்க வேண்டும்.

இதன் வேரான இலத்தீன் சொல்லுக்குத் திரும்பச் சுழற்றுதல் என்று பொருள். நமது ‘புரட்சி’யும் ‘புரட்டு’ என்பதிலிருந்தே வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. ஆகவே ‘புரட்சிகரமாக மாற்று’ என்று தமிழாக்கலாம். இருப்பினும் கட்டுரையில் ‘தலைகீழாக மாற்றியது’ என்பதே இயல்பாக ஒலிக்கும்.