ஆட்டோ பேஸ் சேஞ்சர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தஞ்சாவூர்: வீட்டுக்கு த்ரீ பேஸ் லைன். ஆனாலும் ஒரு பேஸ் போனா பாதி வீடு இருட்டு. சேஞ்சர் போடலாமா சார்?

போடுங்கள். வரும் பேஸைத் தேடி, கரண்ட் போன பக்கத்தையும் அதில் மாட்டிவிடும். காண்டாக்டர்களுக்கு (பேஸை மாற்றிவிடும் காந்த சுவிட்சுகள்) இடையே மெக்கானிக்கல் இன்டர்லாக் (ஒன்று இழுத்திருக்கும்போது இன்னொன்றை இழுக்க விடாத தடை) கட்டாயம் இருக்கட்டும். ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இன்னொன்று இழுத்தால் இரண்டு பேஸ் மோதும். 415 வோல்ட் ஷார்ட். அப்புறம் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் அநேகமாக இருக்காது. பேஸுக்கு 15 ஆம்பியர் வீதம் எல்லாம் ஒரே பேஸுக்கு வந்தால் 45 ஆம்பியரும் நியூட்ரலில்தான் திரும்பும். ஒயர் மெலிசாக இருந்தால் கருகும். நியூட்ரல் அறுந்த பிறகு மூன்று பேஸும் வந்தால் டிவிக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறலாம். ஏசி, கீசரை சேஞ்சரில் சேர்க்காதீர்கள்.

கரூர்: ஒரு பேஸ் நல்லா எரியுது, ரெண்டு பேஸ் மங்கல். சேஞ்சர் அசையவே இல்ல.

நல்ல கேள்வி. டிரான்ஸ்பார்மரின் 11 கேவி பக்கம் ஒரு பியூஸ் போயிருக்கும். அந்தப் பக்கச் சுருள்கள் டெல்டா, அதாவது முக்கோணமாக இணைத்தவை. ஒரு லைன் விட்டதும் ஒரு சுருளுக்கு மட்டும் முழு வோல்டேஜ். மற்ற இரண்டும் சீரிஸில் சேர்ந்து ஆளுக்குப் பாதி வாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் 240, 120, 120. ஏற்கெனவே இழுத்து நிற்கும் காண்டாக்டர் 120 வோல்ட்டிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். 180 வோல்ட்டுக்குக் கீழே கழற்றிவிடும் லோ வோல்டேஜ் கட் உள்ள சேஞ்சராக மாற்றுங்கள்.

நாமக்கல்: கிணத்து மோட்டாருக்கு இதையே போடலாமா?

ஆகாது. மூன்று ஒயரிலும் ஒரே பேஸைக் கொடுத்தால் மோட்டார் சுற்றாது. ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் போடுங்கள்.

பொள்ளாச்சி: கண்டென்சர் போட்டு டூ பேஸ்ல வருஷக்கணக்கா ஓட்டுறோம். என்ன கெட்டுப்போச்சு?

ஓடும், மறுக்கவில்லை. அந்தக் கண்டென்சர் ஒரு குறிப்பிட்ட லோடுக்குத்தான் பொருந்தும். கிணற்றில் தண்ணீர் இறங்கி லோடு மாறினால் சுருள்களில் கரண்ட் ஏறுக்குமாறாகும். ஒரு சுருள் மட்டும் அதிகம் சூடாகி, ரீவைண்டிங் செலவு விவசாயி தலையில் விழும்.

மறுபடி பொள்ளாச்சி: வோல்டேஜ் பார்க்கிற ரிலே வச்சிருக்கேன், அது காப்பாத்தும்.

அதை நம்பித்தான் பல மோட்டார்கள் எரிகின்றன. ஓட்டத்தில் இருக்கும் மோட்டார், போன பேஸிலும் தானே வோல்டேஜ் உண்டாக்கும். கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் தெரிவதால் ரிலே சும்மா இருந்துவிடும். கரண்ட்டைப் பார்க்கும் பிரிவென்டர் வாங்குங்கள். உங்கள் மோட்டார் தப்பிக்க வேண்டும் என்றுதான் இத்தனை சொல்கிறேன்.

சேலம்: போர் மோட்டாருக்கு சேஞ்சர் போடலாமா?

நாமக்கல்காரருக்குச் சொன்னதுதான். ஆகாது.

திருச்சி: எந்த கம்பெனி நல்லது?

கம்பெனி பெயர் சொல்வதில்லை. இன்டர்லாக்கைப் பாருங்கள். நியூட்ரலைப் பாருங்கள்.

விழுப்புரம்: சேஞ்சர் எதுக்கு? ரெண்டு பேஸுக்கும் நடுவுல ஒரு ஒயர் போட்டா போதுமே?

கூடவே கூடாது. போன லைனுக்குள் உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் திரும்ப ஏறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் கை வைப்பார். போன பேஸ் வேலைக்கு நடுவில் வந்துவிட்டால் உங்கள் மெயின் போர்டே வெடிக்கும். அப்படி ஒயர் போட்டிருந்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.