உலகத்தைப் படிப்பது பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளங்கலையில் அரசியல் அறிவியல் படித்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல துறைகளைச் சேர்த்து உலகளாவிய சிக்கல்களைப் படிக்கும் குளோபல் ஸ்டடீஸ்தான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர், “அதில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதுவும் ஆழமாக இருக்காது. பேசாமல் சர்வதேச உறவுகள் படி” என்கிறார். உலகமயமாதல், புலம்பெயர்வு, காலநிலை மாற்றம் மூன்றிலும் எனக்கு ஆர்வம் உண்டு. மூன்றையும் வைத்தே எஸ்.ஓ.பி. (விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கை) எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கிற திட்டங்களில் சேரலாமா? பின்னால் முனைவர் பட்டத்துக்கோ வேலைக்கோ இது உதவுமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பேராசிரியர் சொன்னதில் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உலகமயமாதலுக்கு ஓர் அறிமுகம், வளர்ச்சிக்கு ஓர் அறிமுகம், பண்பாட்டுக்கு ஓர் அறிமுகம் என்று அறிமுகங்களிலேயே முடிந்துபோகும் முதுகலைகள் இருக்கின்றன. ஆனால் அதற்காகச் சர்வதேச உறவுகளுக்குப் போக வேண்டியதில்லை. எங்கே போவது என்பது நீங்கள் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்ட எவர் கிவன் கப்பல் நினைவிருக்கும். அதன் உரிமையாளர் ஒரு ஜப்பானிய நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவானின் எவர்கிரீன். கொடி, அதாவது கப்பல் பதிவான நாடு, பனாமா. கப்பலின் தொழில்நுட்ப நிர்வாகம் ஒரு ஜெர்மானிய நிறுவனத்திடம். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். ஆறு நாளில் கப்பல் மிதந்துவிட்டது, உலகமும் அதை மறந்துவிட்டது. ஆனால் இழப்பீடு கேட்டு எகிப்து கப்பலைப் பிடித்து வைத்தது. ஜூலை 7 வரை அது கால்வாய் வழியிலேயே உள்ள கிரேட் பிட்டர் ஏரியில் நின்றது. ஆட்களும் கப்பலோடு காத்திருந்தார்கள்.

அந்த மாலுமி யாருடைய பொறுப்பு? சர்வதேச உறவுகள் படித்தவர் கால்வாயையும் எகிப்தையும் கடல்வழி அரசியலையும் நன்றாக விளக்குவார். சட்டம் படித்தவர் கொடி நாட்டைக் காட்டுவார். தொழிலாளர் சந்தை சமூகவியலாளருக்கு, சரக்குக் கட்டணம் பொருளாதார அறிஞருக்கு. மாலுமி மட்டும் இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நிற்கிறார். இப்படி எந்த ஒரு நாட்டுக்குள்ளும் அடங்காத கேள்வி உங்களிடம் இருந்தால் குளோபல் ஸ்டடீஸ் படியுங்கள். 1974இல் சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டீன் ஆய்வின் அலகாக நாட்டை விட்டுவிட்டு உலக அமைப்பை எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இந்தக் காரணத்துக்காகத்தான். மாறாக, இரண்டு அரசுகளுக்கு இடையே நடக்கும் பேரமே உங்களை ஈர்க்கிறது என்றால் பேராசிரியர் பேச்சைக் கேளுங்கள்.

இனி அந்த எஸ்.ஓ.பி. மூன்று ஆர்வங்களை வரிசையாக அடுக்குவது தலைப்பாகாது. தேர்வுக்குழுவில் இருப்பவர் அதே மூன்று சொற்களை நூறு விண்ணப்பங்களில் படித்திருப்பார். கப்பலையே எடுத்துக்கொண்டு எப்படிக் குறுக்குவது என்று பார்ப்போம். ‘உலகமயமாதலும் மாலுமிகளும்’ என்பது கருத்தரங்கின் பெயர். ‘முதலாளி கைவிட்டுப்போன கப்பலில் மாலுமிகள் சம்பள பாக்கியை யாரிடம் கேட்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள்?’ என்பது ஆய்வு. 2006இல் ஏற்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. கைவிடப்பட்டால் நான்கு மாத சம்பள பாக்கி வரை கிடைக்க நிதி உத்தரவாதம் வேண்டும் என்ற திருத்தம் 2017இல் அமலுக்கு வந்தது. கைவிடப்பட்ட கப்பல்களின் தரவுத்தளம் ஒன்றை ஐ.எல்.ஓ.வும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) ஐ.எம்.ஓ.வும் (சர்வதேச கடல்சார் அமைப்பு) சேர்ந்து வைத்திருக்கின்றன; யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கொடி, தேதி, ஆட்கள் எந்த நாட்டவர், வழக்கு எந்த நிலையில் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் குறிப்பு உண்டு. திருத்தத்துக்கு முன், பின் என்று அந்தப் பதிவுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு மாலுமிகளையும் தொழிற்சங்கக்காரர்களையும் பேட்டி எடுத்தால் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும். புலம்பெயர்வும் உலகமயமாதலும் தாமாகவே உள்ளே வந்துவிடும். காலநிலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் தொண்டு நிறுவன வேலையில் இப்படி ஒரு சிக்கல் தட்டுப்படாமல் இருந்திருக்காது. அதிலிருந்து தொடங்குங்கள். கப்பல் என்னுடைய உதாரணம், உங்களுடையது அல்ல.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையை நான் அதிகம் நம்பமாட்டேன். பாடத்திட்டக் கையேட்டைப் பதிவிறக்கி, ஆய்வுமுறைப் பாடம் கட்டாயமா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயரானாலும் தள்ளிவிடுங்கள். அடுத்து, முந்தைய மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள். அவை போகும் திசை உங்களுக்குப் பிடிக்கிறதா? உங்கள் கேள்விக்கு வழிகாட்ட அங்கே ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா? ஓராண்டுப் படிப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. சேர்ந்த சில மாதங்களிலேயே தலைப்பைக் கேட்பார்கள்.

நாடு மாறிப் படிக்கும் திட்டங்களில் நல்லவை உண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் வேறு கண்டங்களிலும் பருவங்கள் படிக்கலாம். அதே நாட்டின் லைப்சிக்கை மையமாகக் கொண்ட இராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுகலை) திட்டத்தில் முதல் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம், இரண்டாம் ஆண்டு இன்னொன்று. ஒரே நிகழ்வை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகக் கற்பிப்பதைக் கேட்பது பெரிய அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் வீடு, விசா, நூலகம், நெறியாளர் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கேள்வி கையில் இருப்பவருக்கு இந்த அலைச்சல் களப்பணியாகிவிடும். இல்லாதவருக்குச் சுற்றுலாதான், அதுவும் தேர்வுகளோடு சேர்ந்த சுற்றுலா.

முனைவர் பட்டம் பற்றி: ஆசிரியர் பணியிடங்களில் பெரும்பாலானவை இன்னமும் சமூகவியல், அரசியல் அறிவியல், மானுடவியல், வரலாறு என்ற துறைகளின் பெயரில்தான் இருக்கின்றன. எனவே விருப்பப் பாடங்களை அள்ளித் தெளிக்காமல் ஒரு துறையிலேயே குவியுங்கள், ஆய்வேட்டையும் அந்தத் துறை ஏற்கும் முறையில் எழுதுங்கள். வேலையைப் பொறுத்தவரை பட்டத்தின் பெயரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புள்ளியியல் வருமா, பேட்டி எடுக்க வருமா, இன்னொரு மொழியில் ஆவணம் படிக்க வருமா என்றுதான் கேட்பார்கள். ஐ.நா.வில் நுழைவு நிலையான பி-2 பதவிக்கே பொதுவாக முதுகலையோடு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அதனால் இப்போதைய வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

எஸ்.ஓ.பி.யைத் திருத்தி எழுதியதும் முதலில் உங்கள் பேராசிரியரிடமே காட்டுங்கள். பரிந்துரைக் கடிதம் எப்படியும் அவரிடம்தான் கேட்கப்போகிறீர்கள்.

அன்புடன்