குழுவைக் கலைக்காதீர்கள், தனித்தனியாகப் பேசிப் பாருங்கள்

தம்பி, பாம்பன் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள், கலைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எங்கள் மண்டபம் ஊர் நண்பர்கள் குழுவும் இப்படித்தான் ஓய்ந்தது. பாதிப் பேர் வளைகுடா போய்விட்டார்கள். விசைப்படகில் போகிறவர்களுக்குக் கடலுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. யாருக்கும் கோபமில்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை. நான் பொதுவில் எழுதுவதை விட்டுவிட்டு, "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?" என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் குரல் பதிவு அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது. அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அப்போது நேரில் சந்திக்கக் கூப்பிடுங்கள். எங்களுக்கு முதல் தடவை மூன்று பேர்தான் வந்தார்கள். குந்துகால் கடற்கரையில் இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.