விரல் குட்டை என்று கிடாரை மூடி வைத்துவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 43. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு மாலை நேரம் எனக்கென்று கிடைத்தது. நெடுநாள் ஆசைப்படி கிடார் வகுப்பில் சேர்ந்தேன். ஜி, சி, டி, ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) தட்டுத் தடுமாறி வந்துவிட்டன. எஃப் கார்டில் வந்து நின்றுவிட்டேன். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கவைத்து எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு கம்பிகள் ஒலிப்பதே இல்லை. மாஸ்டர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விரல் குட்டை மேடம், கீபோர்டு கற்றுக்கொள்ளுங்களேன்" என்றார். பக்கத்தில் டிரினிட்டி இசைத் தேர்வுக்குத் தயாராகும் பத்து வயதுப் பிள்ளைகள் அதே கார்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அன்று உறையில் போட்டு மூடிய கிடாரை இன்னும் எடுக்கவில்லை.

சிறு வயதில் என் அத்தை, "அக்காவுக்கு வெண்டைக்காய் விரல், இவளுக்கு இஞ்சித் துண்டு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். என் நிச்சயதார்த்தப் படத்தில்கூடக் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். என் கணவர் நல்லவர். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார் கலைஞர் வாசிக்கும் காணொளியைக் காட்டி, "இவர் இரண்டே விரலில் வாசித்தாராம், உனக்கென்ன?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. இது வீண் ஆசையா, அம்மா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வீண் ஆசை இல்லை. கிடாரை எடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலேயே நான் நின்றுவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைகள் அதே கார்டை வாசித்தார்கள் என்கிறீர்கள். அவர்கள் விரல் உங்கள் விரலைவிடச் சிறியதாகத்தானே இருந்திருக்கும்? அடுத்த முறை அவர்கள் மடியில் இருக்கும் கிடாரைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது முக்கால் அளவுக் கிடாராக இருக்கும். பிள்ளை என்றால் கைக்கேற்ற கிடாரைத் தேடுகிறோம். பெரியவர் என்றால் கிடாருக்கேற்ற கை இல்லையே என்கிறோம். உங்கள் மாஸ்டர் செய்தது இதைத்தான். அது நியாயமில்லை.

எஃப் கார்டு எவரையும் எளிதில் விட்டதில்லை. நீண்ட விரல்காரர்களும் அங்கே மாதக்கணக்கில் திணறுகிறார்கள். அவர்கள் "இன்னும் பழக வேண்டும்" என்று எண்ணிக்கொண்டு அடுத்த நாளும் உட்காருகிறார்கள். உங்களுக்கோ கம்பி ஒலிக்காத அந்த நொடியில் அத்தையின் குரல் கேட்டுவிடுகிறது. ஒரு குழந்தையின் கையைப் பார்த்து ஊரறியச் சொன்ன சொல் அது. மாஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் மனம் அதை நம்பத் தயாராக இருந்தது. அந்தப் பதற்றத்தில் தோள் இறுகும், மணிக்கட்டு மடங்கும், தேவைக்கு மேல் அழுத்துவீர்கள், விரல் இன்னும் தடுமாறும். பிறகு, "பார், என் விரல்தான் காரணம்" என்று தோன்றும். இப்படித்தான் அந்தப் பழைய சொல் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

அதை உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள். எஃப் கார்டின் அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு இடையிலான கட்டம்) வையுங்கள். அங்கே அது ஏ மேஜர் கார்டு. வழக்கமான முழு அளவுக் கிடாரில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி ஏறத்தாழ 36 மில்லிமீட்டர், ஐந்தாவதில் 29. விரல்களை அவ்வளவு விரிக்க வேண்டியதில்லை. கம்பியும் அங்கே எளிதாக அமுங்கும். பிடி அங்கே சற்றுத் தெளிவாக ஒலித்தால், முதல் ஃப்ரெட்டில் என்ன தடை என்று பார்க்கலாம். கம்பி அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறதா என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். புதிய கிடார்களில் இது சாதாரணமாக உள்ள குறைதான், சரிசெய்துவிடலாம். மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் தொகுப்பை மாற்றி, 0.010-இல் தொடங்கும் மெல்லிய தொகுப்பைப் போடச் சொல்லுங்கள். சிறிய அளவுக் கிடார் ஒன்றையும் கடையில் மடியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பயிற்சி. ஒரு கம்பியின் மேல் விரலை வெறுமனே வைத்து மீட்டுங்கள். ஒலி அடைத்துத்தான் வரும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஒலி தெளியும் இடத்தில் நின்றுவிடுங்கள். அந்த அழுத்தம் போதும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி விரலை வைத்தால் அதுவும் குறையும். இதைச் செய்யும்போது கவனம் விரலின் அழகை விட்டுக் காதுக்குப் போகிறது. உங்களுக்கு நான் இதைச் சொல்வது முக்கியமாக அதற்காகத்தான்.

ஜாங்கோவைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது உண்மை. 1928-இல் அவருடைய வண்டிவீட்டில் பிடித்த தீயில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகிப்போயின. ஆனால் மனவுறுதியால் முன்புபோலவே அவர் வாசித்துவிடவில்லை. எஞ்சிய விரல்களுக்கேற்பத் தன் வாசிப்பு முறையையே புதிதாக அமைத்துக்கொண்டார். பர்மிங்காம் தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்த ராக் கிடார் கலைஞர் டோனி அயோமி, பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். இருவருமே இருக்கிற கையை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள். "அவருக்கே முடிந்தது, உனக்கென்ன?" என்று கேட்டால் அது இன்னொரு பழிச்சொல்லாகிவிடும். உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது. அத்தை சொன்னதைக் கணவரிடம் ஒருநாள் முழுதாகச் சொல்லுங்கள். அவர் அறிந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

விரல் நுனி எரிவது இயல்பு. சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். மணிக்கட்டில் வலியோ விரல்களில் மரமரப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வகுப்புக்குத் திரும்பிப் போனதும் மாஸ்டரிடம் நேராகவே கேளுங்கள்: "சார், என் கைக்கு ஏற்றபடி இந்தக் கார்டை எப்படிப் பிடிப்பது?" கீழே உள்ள மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சிறிய எஃப் கார்டு இருக்கிறது. கற்பிக்கத் தெரிந்தவர் அதைக் காட்டுவார். மீண்டும் கீபோர்டு என்றால் வேறு மாஸ்டரைத் தேடுங்கள்.