‘டென்டட் பீஸ்’ ஃபிரிட்ஜ் வாங்கலாமா?

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் ஒரு ஃபிரிட்ஜ் பார்த்தோம். ‘டென்டட் பீஸ், நோ ரிட்டர்ன்’ என்று அட்டை ஒட்டி நாலாயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். டென்டட் என்றால் பழுதான பொருளா?

பதில்: இல்லை. குடம் கை தவறி விழுந்தால் வயிற்றில் சொட்டை விழுமே, அதுதான் டென்ட். சொட்டை விழுந்த குடத்திலும் தண்ணீர் நிற்கும். வேலை செய்யாத, குறையுள்ள பொருளுக்கு டிஃபெக்டிவ் என்பார்கள். டேமேஜ்டு என்பது பொதுவான சொல், எந்தச் சேதமும் அதில் அடங்கும். கீறல் மட்டும் என்றால் ஸ்கிராட்ச்டு.

ஆனால் டென்டட் என்ற சொல், அடி எங்கே பட்டது என்பதைச் சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். ஃபிரிட்ஜ் ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சூடு தெரிகிறதா? பல மாடல்களில் வாயு ஓடும் குழாய் அந்தத் தகட்டுக்கு உள்பக்கமாகத்தான் போகிறது. அங்கே ஆழமாக அமுங்கியிருந்தால் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் கம்ப்ரஸர் அருகிலும் அப்படித்தான். கதவின் நடுவில் லேசான சொட்டை என்றால் பயமில்லை. கதவு விளிம்பில் என்றால் ஒரு பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியாகப் படியவில்லை, குளிர் கசியும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். கடையிலேயே கரன்ட் கொடுத்து ஓட விட்டும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பில். வெறுமனே ‘டென்டட்’ என்று எழுத விடாதீர்கள். ‘வலது கதவின் கீழே சொட்டை, விற்கும்போதே இருந்தது, கம்பெனி வாரன்டி முழுமையாக உண்டு’ என்று எழுதி முத்திரை வாங்குங்கள். அடிபட்ட சேதத்துக்கு வாரன்டி பொதுவாகப் பொருந்தாது. நாளைக்குச் சர்வீஸுக்கு வருபவர் அந்தச் சொட்டையைக் காட்டிக் கைவிரித்தால், உங்கள் கையில் இந்த வரி இருக்க வேண்டும்.

சொல்லி விற்ற சொட்டைக்காகப் பிறகு சண்டை போட முடியாது. குளிரவே இல்லை என்றால் அது வேறு விஷயம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தரக் குறைபாடு. ‘நோ ரிட்டர்ன்’ அட்டையைக் காட்டிக் கடைக்காரர் தப்பிக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.