மகளின் அரிப்புக்கு மருந்துக்கடை ட்யூப் போதுமா?

சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தரம் 10இல் படிக்கும் மகளுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு. தயிர்க்கட்டி போல வெள்ளையும் படுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த கிரீமைப் பூசினால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. வைத்தியரிடம் காட்டினால் உள்ளே பரிசோதிப்பார்களோ, நாளை கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகுமோ என்று பயம்.

அம்மா, அந்தப் பயத்தை விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் வெளியே பார்த்தாலே போதும். நீங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். பெண் வைத்தியர் வேண்டும் என்றும் கேட்கலாம். நீங்கள் சொல்வது அநேகமாகக் கண்டிடா என்ற பூஞ்சை. அது நம் உடலிலேயே குடியிருப்பது. நடத்தையோடு முடிச்சுப்போட வேண்டாம். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு நாள் முழுக்க இருந்தாலோ, அன்டிபயோட்டிக் குடித்த பிறகோ அது பெருகும். அரிப்போ நாற்றமோ இல்லாமல் இலேசாக வெள்ளைபடுவது பருவத்தின் இயல்பு. அதற்கு ‘உடம்பு உருகுகிறது’ என்று லேகியம் விற்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

எனக்குக் கோபமெல்லாம் அந்த ட்யூப் மீதுதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் மட்டும் என்றால் சரி. கூடவே பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவும். நாளடைவில் தோல் மெலிந்து எரியும். வைத்தியரின் துண்டில்லாமல் இதை விற்கக் கூடாதென்று கடைக்காரருக்கும் தெரியும். கேட்பாரில்லை, விற்கிறார். வாசனைத் திரவங்களும் டெட்டோலும் அந்த இடத்துக்கு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

திரும்பத் திரும்ப வருவதால் இரத்தத்தில் சீனியைக் கட்டாயம் பாருங்கள், அது கூடினாலும் இந்தப் பூஞ்சை பெருகும். பிள்ளை மெலிகிறாளா? போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கிறாளா? இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழிக்கிறாளா? 15 வயதில் நீரிழிவா என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் வரும் முதலாம் வகை நீரிழிவு சில வாரங்களிலேயே உயிருக்கு உலைவைக்கும். பரம்பரையில் ஒருவருக்கும் இல்லையென்றாலும் பாருங்கள். கிரீமில் அடங்கிவிட்டாலும் பாருங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், சில நிமிட வேலை. வாந்தியோ மூச்சுவாங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மீன் நாற்றம், சிறுநீர் எரிவு, காய்ச்சல், அடிவயிற்று வலி என்றால் நோய் வேறு, மருந்தும் வேறு. தாமதிக்க வேண்டாம்.

அரச வைத்தியசாலையில் இவை இலவசம். இளையோருக்கான ‘யொவுன் பியச’ நிலையம் எங்கே என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கிளினிக் நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றாகவே இருப்பதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் லீவு எடுங்கள், பரவாயில்லை.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பள்ளிக்கூடத்தில் சிறுநீர் கழிக்கிறாளா? தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத மலசலகூடத்துக்குப் பயந்து காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காத பிள்ளைகள் ஏராளம். சிறுநீர்த் தொற்றுக்கு இதுவே வழி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அந்தத் தாழ்ப்பாளைக் கேளுங்கள்.